வலிக்காத கட்டிகள்

சோப்புப் போடும் கை கழுத்தில் ஓரிடத்தில் நின்று, கொஞ்சம் தாண்டிப் போய், மறுபடி அதே இடத்துக்குத் திரும்பி வருகிற வயது நமக்கு வந்துவிட்டது. காலை நடையில் எதிர்ப்படும் நம் வயதுக்காரர்கள் முன்பெல்லாம் சர்க்கரை அளவைச் சொல்வார்கள். இப்போது சட்டைக் காலரை விலக்கிக் காட்டுகிறார்கள். "இது என்னன்னு தொட்டுப் பாருங்களேன். நீங்கதான் ஆஸ்பத்திரியில இருந்தவுக."

ஆஸ்பத்திரியில் இருந்தது உண்மைதான். நோயாளியைத் தொடுகிற இடத்தில் இல்லை. நோயாளியிடமிருந்து வெட்டி எடுத்த துண்டு, மூடி போட்ட புட்டியில், மருந்துத் தண்ணீரில் மிதந்தபடி வந்து சேர்கிற லேபில் இருந்தேன். முப்பத்து நான்கு வருடம். புட்டியில் உள்ள பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். எண் போட வேண்டும். துண்டை மெழுகில் பதித்து, முடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் டாக்டர் வந்து குனிந்து பார்ப்பார். வயது எழுதாத சீட்டைத் திருப்பி அனுப்புவேன். உடம்பில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதாத சீட்டைத் திட்டித் திருப்பி அனுப்புவேன். என் பணி நிறைவு விழாவில் பேசிய எல்லோரும் என்னைக் 'கண்டிப்பானவர்' என்றார்கள். வேறு சொல் அகப்படாதபோது அப்படித்தான் சொல்வார்கள்.

காலரை விலக்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வலிக்குதா?" என்பதுதான். வலிக்கிறது என்று பயந்த முகத்தோடு சொல்பவர்களிடம், "பல்லைக் காட்டுங்க, தொண்டையைக் காட்டுங்க, பத்து நாள் பாருங்க" என்பேன். வலிக்கவே இல்லை, வந்து இரண்டு மாதமாகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களை அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்வேன். வலிக்கிறதெல்லாம் நல்லது, வலிக்காததெல்லாம் கெட்டது என்று கணக்கு அவ்வளவு நேராகவும் இல்லை. ஆனால் என் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்த கணக்கு முழுக்கத் தலைகீழ். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா நகை செய்கிறவர். காரைக்குடியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதே வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. குமட்டி அடுப்பில் கரி கனன்றுகொண்டே இருக்கும். அப்பா ஊதுகுழலை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதுவார். வெங்காரம் உருகும் வாசம் பட்டறையைத் தாண்டி அடுப்படி வரை வந்து சோற்றில் உட்கார்ந்துகொள்ளும். வேலைக்குப் போன ஊரில் ஹாஸ்டல் சோறு எனக்கு ரொம்ப நாள் எதுவோ குறைவது போலவே இருந்தது. பெரிய வீட்டு ஆச்சிமாரின் நகைகள் மெருகு போட வந்து, ரோஸ் தாளில் மடித்து, அப்பாவின் மரப்பெட்டியில் கிடக்கும். எங்கள் வீட்டில் தங்கம் இல்லாத நாளே கிடையாது. அது எங்களுடையதாக இருந்த நாளும் அதிகம் கிடையாது.

அக்காவுக்கு அந்த வருடம் பதினேழு வயது. எனக்கு ஒன்பது. அக்காவைத் தேவகோட்டையில் ஒரு வீட்டுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவர்களும் நகைத் தொழில்தான், ஆனால் பேர் வாங்கிய பட்டறை. மாப்பிள்ளையின் அம்மாவைத் தேவகோட்டை அத்தை என்று நாங்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். பார்ப்பதற்கு முன்பே அவரிடம் பயந்தும் விட்டோம். காரணம், அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா. அம்மாவுக்கு மூத்தவள், எல்லாம் தெரிந்தவள்.

"நகையில மயிரிழை கோணல் இருந்தாக் கண்டுபிடிச்சிருவா அந்தப் பொம்பளை. பொண்ணுல இருந்தா விட்டுருவாளாக்கும்?" என்பாள்.

பள்ளிக்கூட லீவு விட்ட சித்திரை மாதம். ஊருணிக் கரையில் ஓடியபோது என் குதிகாலில் கருவேல முள் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. நடக்க முடியவில்லை. அக்கா என்னை உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம், காதுக்குக் கீழே சற்று இறங்கி, என் விரலில் ஏதோ நெருடியது.

"அக்கா, கழுத்துல என்ன வச்சிருக்கே?"

"எங்கே?"

"இங்க. புளியங்கொட்டையாட்டம். மூணு இருக்கு. நகருது."

"கையை எடுடி, கூசுது."

"வலிக்குதா?"

"வலிச்சா ஒன்னையத் தூக்கிட்டு வருவேனா? கழுதைக் கனம் கனக்கிறே. பேசாம வா."

மூன்றாம் நாள் என் கால் வீங்கியது. தொடை இடுக்கில் நெறி கட்டி, எலுமிச்சங்காய் போலச் சிவந்து நின்றது. தொட்டால் உயிர் போகும். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. மஞ்சள் பத்து ஒருத்தர், நொச்சி இலை ஒத்தடம் ஒருத்தர், பன்னும் பாலும் ஒருத்தர். அப்பா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். அந்தக் கவனிப்பின் நடுவில், நியாயமாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, நான் சொன்னேன்.

"அம்மா, அக்காவுக்கும் கட்டி இருக்கு. கழுத்துல."

அம்மா அக்காவைக் கூப்பிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். "வலிக்குதா ஆத்தா?"

"இல்லம்மா."

"அப்பறம் என்ன? போ, போய் அரிசியைக் களைஞ்சு வையி."

வலி இருந்தால் வியாதி, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் வீட்டு மருத்துவம் அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நெறி என்று நாம் சொல்வது புதிதாக முளைத்து வருகிற பொருள் இல்லை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிற்றுக்குள்ளே என்று நூற்றுக்கணக்கான சின்ன முடிச்சுகள் பிறந்ததிலிருந்தே நம்மிடம் இருக்கின்றன. அவரை விதையை விடச் சிறியவை. அந்தந்தப் பக்கத்திலிருந்து வருகிற நீரை வடிகட்டி, வரக்கூடாத கிருமி வந்தால் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை. நிறுத்தும்போது வீங்கும். வந்தது போனதும் வற்றும். சில சமயம் உள்ளே போன கிருமி அங்கேயே குடியேறி மெல்ல மெல்லத் தின்னும். சில சமயம் காவலுக்கு இருக்கிற அணுக்களே புத்தி கெட்டுப் பெருகும். வெளியே தொட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஒரு கட்டிதான். கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால் மூன்றும் மூன்று ஊர்.

பெரியம்மா வந்து அக்காவின் கழுத்தைப் பார்த்து ஒரே பார்வையில் முடிவு சொன்னாள். "பொன்னுக்கு வீங்கி. தங்கத்தைப் போட்டு விடுங்க, வத்திரும்."

அந்தக் காலத்தில் பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள். சங்கிலி இல்லாத வீட்டுத் தாய்மார் எங்கள் வீட்டுக்கு இரவல் கேட்டு வருவார்கள். அம்மாவின் சொந்தச் சங்கிலியைத் தவிர வேறு எதையும் அப்பா கொடுத்ததில்லை. அக்காவுக்கு மட்டும் பெட்டியைத் திறந்தார்.

"அடுத்தவுக பொருள்" என்றார் ஒரு தடவை, தனக்குத்தானே.

"ஆச்சி வீட்டுச் சங்கிலி பத்து நாள் இவ கழுத்துல கெடந்தா தேஞ்சா போயிரும்? போடுங்க மச்சான்" என்றாள் பெரியம்மா.

இரட்டை வடச் சங்கிலி. அக்கா கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. அப்போது சாயங்காலமானால் அவளுக்கு மேல் கொதிக்கும். கல்யாணக் காய்ச்சல் என்று கேலி செய்வார்கள். சங்கிலி போட்ட ஐந்தாம் நாள் காய்ச்சல் நின்றுவிட்டது. பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். கட்டி வற்றவில்லையே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பொன்னுக்கு வீங்கி வருவது காதை ஒட்டித் தாடையின் மேல். அது எச்சில் ஊறுகிற சுரப்பி. அக்காவுக்கு இருந்தது அதற்கு மூன்று விரல் கீழே. காய்ச்சலோ, பத்துப் பன்னிரண்டு நாள் இருந்து, தானாகப் போய், சில நாள் கழித்துத் தானாக வருகிற காய்ச்சல். போகிற நேரத்தில் பக்கத்தில் யார் நின்றார்களோ அவர்களுக்குப் பேர். அந்த முறை தங்கம் நின்றது.

என் கால் சரியாகவில்லை. அப்பா என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தூக்கிக்கொண்டு வர அக்கா. அதாவது நோயாளி நான், அக்கா வண்டி. டாக்டர் சின்ன வயது, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். காலைக் கீறி முள்ளை எடுத்துப் பீங்கான் தட்டில் போட்டார். டங் என்று சத்தம் கேட்டது. பிறகு இடுக்கில் இருந்த நெறியை அமுக்கிப் பார்த்தார்.

"இது ஒண்ணுமில்லே பாப்பா. கால்ல சீழ் புடிச்சா இங்க இருக்கிற காவல்காரன் எழுந்து நிப்பான். சண்டை முடிஞ்சதும் உட்கார்ந்துடுவான்."

"அக்காவோட காவல்காரன் உக்காரவே மாட்டேங்கிறான்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. டாக்டர் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு அக்குளைப் பார்க்கச் சொன்னார். வயிற்றை அமுக்கினார். ரொம்ப நாளாக இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, தலையணை நனைகிற மாதிரி வேர்க்கிறதா, உடம்பு அரிக்கிறதா, சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். அப்பாவுக்கு அதில் பாதி அன்றைக்குத்தான் தெரியும்.

"வெயில் காலங்க டாக்டர். எங்க எல்லாத்துக்குந்தான் வேர்க்குது" என்றார் அப்பா.

"ஒரு கட்டியை எடுத்து மதுரைக்கு அனுப்பிப் பார்க்கணும். டி.பி.யா இருக்கலாம். இருந்தா மருந்து இருக்கு, குணமாயிடும். வேற ஏதாவதா இருந்தா அதுக்கு வைத்தியம் வேற. கையால தொட்டு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "தழும்பு விழுமா?"

"ஒரு அங்குலம் இருக்கும்."

"எந்த எடத்துல?"

டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். அப்பா அந்த இடத்தை, கல் பதிக்க இடம் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். "வைகாசியில தேதி குறிக்க வாராக. ஆனியில கல்யாணம். முடிச்சிட்டு நானே கூட்டியாரேன். இப்பக் கத்தி வேணாங்க."

டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதிலை அவள் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

டாக்டர் மதுரைக்கு ஒரு கடிதம் எழுதி மடித்து அப்பாவிடம் கொடுத்தார். அப்படிப்பட்ட கடிதங்களைப் பிறகு என் வேலையில் ஆயிரக்கணக்கில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பெயர், வயது, இடது கழுத்து, எத்தனை மாதமாக, என்ன சந்தேகம். ஒன்றைக்கூட அலட்சியமாகப் பிரித்ததில்லை. அப்பா தன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வளையல்களைக் கழற்றச் சொன்னார். அவை உருக்குகிற மூசையில் போயின. அந்தத் தங்கத்தில் அக்காவுக்குச் செய்யத் தொடங்கியது கழுத்தை ஒட்டிக் கிடக்கிற அட்டிகை, நான்கு விரல் அகலத்தில், சிவப்புக் கல் வைத்து. அளவு எடுப்பதற்கு அக்காவை வெளிச்சத்தில் உட்கார வைத்தார். வழக்கமாக நூலைக் கழுத்தைச் சுற்றிப் பிடிப்பார். அன்றைக்கு மேலிருந்து கீழாகப் பிடித்தார். முதல் கட்டி எங்கே தொடங்குகிறது, கடைசிக் கட்டி எங்கே முடிகிறது என்று. நூலில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்தக் கட்டிகளுக்கு யாரும் எடுத்த முறையான அளவு அது ஒன்றுதான். எதற்கு எடுத்தார் என்பதுதான் கோளாறு.

இருபது நாள் அப்பா வேறு வேலை பார்க்கவில்லை. அவர் செய்ததிலேயே நல்ல நகை அது. கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். போட்டபோது கட்டி இருந்த இடம் தெரியவே இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலை துவட்டும்போது அக்கா என்னைக் கூப்பிடுவாள். "எத்தனை இருக்கு, எண்ணு." நான் எண்ணுவேன். மூன்று இருந்தது நான்கானது. "நாலுக்கா." "சரி, போ." தன் விரலுக்கு எப்போதும் ஒரே மாதிரிதான் படுகிறது, அதனால்தான் என்னைக் கேட்பதாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வைகாசியில் தேவகோட்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அத்தை, உறவில் இரண்டு பேர். பணியாரமும் காப்பியும் போயிற்று. அக்கா பட்டுச்சேலையில், அட்டிகையோடு வந்து விழுந்து கும்பிட்டாள். அத்தை முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார்.

"வேலை யாரு? நீங்களா?" என்றார் அப்பாவிடம்.

"ஆமாங்க."

"கல்லு கட்டினது நல்லா இருக்கு. பின்பக்கம் பாக்கணுமே. கழட்டுத்தா, பாப்போம்."

அப்பாவின் முகம் வெளுத்தது. நகை செய்கிறவர்கள் நகையின் முன்பக்கத்தைப் பார்த்து எதையும் ஒப்புக்கொள்வதில்லை. பற்ற வைக்கப் பொடி வைத்து ஊதினது எப்படி, திருகு எப்படி என்று புரட்டிப் பார்த்தால்தான் கை தெரியும். அப்பா வருகிறவர்களின் நகைகளை வாழ்நாள் முழுக்கப் புரட்டிப் பார்த்தவர். கட்டியை மறைக்க, இன்னொரு நகைப் பத்தர் வீட்டார் கழற்றிப் பார்க்காமல் போகவே முடியாத ஒரு நகையைச் செய்து வைத்திருந்தார். சுமாராகச் செய்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார்.

"பெறகு பாத்துக்கலாமுங்க. திருகு புதுசு, இறுக்கமா இருக்கு" என்றார்.

"இறுக்கமா இருந்தா நல்ல திருகுதானே! அதையுந்தான் பாப்போமே" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார்.

அப்பா எழுந்தார். அவர் எழுவதற்குள் அக்கா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் திருகைக் கழற்றிவிட்டாள். அத்தை கையில் அட்டிகையைக் கொடுத்துவிட்டு, கழுத்தைத் திருப்பி, இடது பக்கத்தை அவருக்கு நேரே காட்டியபடி நின்றாள். அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அத்தை நகையைப் பார்க்கவில்லை. அதைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து வந்து அக்காவின் கழுத்தைத் தொட்டார். அம்மா அழ ஆரம்பித்தாள்.

"எதுக்கு அழுகுறீக? சும்மா இருங்க" என்றார் அத்தை. பிறகு தன் சேலைத் தலைப்பை விலக்கி, தாடைக்குக் கீழே சுருக்குப் பை வாய் போல இழுத்துப் பிடித்திருந்த ஒரு பழைய தழும்பைக் காட்டினார். "எனக்கும் இருந்துச்சு. ரெண்டாவது மகன் அப்பக் கைப்பிள்ளை. கண்டமாலைன்னாக. ஒடைஞ்சு ஊத்துச்சு. ஊசி குத்தாத எடமில்லை. இன்னைக்கு முழுசா உங்க முன்னால நிக்கிறேன். இதையா நகையைப் போட்டு மூடி வச்சீக?"

அப்பா குனிந்து பாயில் கிடந்த அட்டிகையை எடுத்தார்.

"எனக்கு வந்ததேதான் இது. தொட்டாத் தெரியாதா எனக்கு? டாக்டரு பாத்தாரா?"

"வெட்டி எடுத்து மதுரைக்கு அனுப்பணும்னாரு" என்றாள் அக்கா. மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

"எதுக்கு வெட்டணும்? என்னைய யாரு வெட்டினா? எங்க டாக்டரு ஒருத்தரு இருக்காரு, கைராசிக்காரரு. நாளைக்கே ஊசி ஆரம்பிச்சிருவோம். கல்யாணம் சொன்ன தேதியில நடக்கும். நீ எதுக்கும் கவலைப்படாதே தாயி."

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் மூச்சு விட்டார்கள். யாரைப் பார்த்து நாங்கள் பயந்தோமோ அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிலேயே நல்லவர். எனக்கு அவரைத் தப்பாகப் பேச மனம் வராது. அவருடைய டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் இளம் வயதில் கழுத்தில் கட்டி என்றால் பெரும்பாலும் டி.பி.தான்; கண்டமாலை என்பதும் அதுதான். அவர் கையில் இருந்த மருந்தை, இருந்த நம்பிக்கையில் கொடுத்தார். ஆனால் அப்பா பயத்தால் எந்தக் கதவைச் சாத்தினாரோ, அதே கதவை அத்தை அன்பால் சாத்தினார். வெட்டிப் பார்க்கவில்லை.

ஊசி ஆரம்பித்த வாரம் காய்ச்சல் நின்றது. தங்கத்திடமிருந்த பேர் அத்தைக்குப் போனது. ஆனியில் கல்யாணம் நடந்தது. அட்டிகையோடுதான். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் அது வெறும் நகையாக இருந்தது.

ஐப்பசியில் அக்கா போய்விட்டாள். கடைசி வாரங்களில் கட்டிகள் மூச்சுக்குழாயை அழுத்தின, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை. அப்பா அட்டிகையை உருக்கிவிட்டார். அதன்பின் எந்த வீட்டுக்கும் கழுத்தை ஒட்டிய நகை செய்து கொடுத்ததில்லை.

என்ன வியாதி என்று எனக்குத் தெரியாது. உடம்பு அரித்தது, வந்து வந்து போன காய்ச்சல், விரலில் ரப்பராக நகர்ந்த கட்டி, இவற்றை வைத்து என்னை ஊகிக்கச் சொன்னால் ஊகிப்பேன். ஊகத்தை ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது. வேறு ஏதாவது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா? அந்தக் காலத்தில் கதிர் வைத்தியம் கொடுத்துச் சிலர் பிழைத்தார்கள். பலர் பிழைக்கவில்லை. இதையும் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

இதுவரை மற்றவர்களைப் பற்றி எழுதியாகிவிட்டது. மிச்சம் இருப்பது இடையில் வந்த ஆடி மாதம்.

புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அக்கா வந்தாள். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி இருந்தாள். வந்த மறுநாள் அம்மா என்னைக் கிணற்றடியில் பிடித்தாள்.

"அவ கழுத்தைத் தொட்டுப் பாக்கச் சொன்னாக் கொறஞ்சிருக்குன்னு சொல்லணும், என்ன? மனசு தெம்பா இருந்தாத்தான் மருந்து வேலை செய்யும்."

மூன்றாம் நாள், யாரும் எதிர்பார்க்காமல், தேவகோட்டை அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு துணிப்பை. தண்ணீர் கொடுத்தால் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஊசி ஆரம்பிச்சு ரெண்டு மாசமாச்சு. எனக்கு ரெண்டு மாசத்துல வத்திருச்சு. இவளுக்கு வத்துனாப்ல தெரியலை. எனக்கு வந்ததேதான்னு அன்னைக்கு அடிச்சுச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேனோன்னு இருக்கு. தூக்கம் வரலை. மத்தியானப் பஸ்ஸுக்கு மதுரைக்குப் போயிருவோம். அந்த டாக்டரு சொன்னாப்ல வெட்டி எடுத்துப் பாத்துரட்டும். மாத்துத் துணி எடுத்தாந்துட்டேன்."

தான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்று ஒரு பெரியவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வேலையிலும் அதிகம் கேட்டதில்லை.

அப்பா கடிதத்தைத் தேடப் பட்டறைக்குள் போனார். பெட்டிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அக்கா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சித்திரையில் கத்திக்குப் பயப்படாதவள் இப்போது பயந்தாள். ஊசி குத்திக் குத்திக் கை இரண்டும் வீங்கியிருந்தன.

"கண்டிப்பா வெட்டணுமா அத்தை? கொறஞ்சிருந்தா வேணாம்ல?"

"கொறஞ்சிருந்தா எதுக்கு வெட்டணும்? நான் தெனமும் தொட்டுத் தொட்டு எனக்கு வித்தியாசம் பிடிபடலைத்தா."

"சின்னவ தொட்டுப் பாத்து ஒரு மாசமாச்சு. அவ சொல்லட்டும்" என்றாள் அக்கா. "இங்குட்டு வாடி."

நான் போனேன். அக்கா தலையைச் சாய்த்துக் கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். தோல் சுட்டது. நான்கு இருந்த இடத்தில் என்னால் எண்ண முடியவில்லை. ஒன்றை ஒன்று ஒட்டி, கோலிக்குண்டுகளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டது போலத் தோளெலும்பு வரை இறங்கியிருந்தன. வலது பக்கத்திலும் கை வைத்தேன். அங்கேயும் இருந்தது. நான் தலையை நிமிர்த்தியபோது மூன்று பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படி வாசலில் நின்று, மற்றவர்களுக்குத் தெரியாமல், தலையை ஆட்டினாள்.

அம்மா சொல்லிக் கொடுத்துத்தான் சொன்னேன் என்று எழுதினால் சுலபமாக முடிந்துவிடும். கிணற்றடியில் அம்மா பேசியபோது மதுரைப் பேச்சே வரவில்லை. வந்த பிறகு என்ன கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று அம்மாவை விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் நான்.

"கொறஞ்சிருக்குக்கா" என்றேன்.

"நெசமா?"

"நெசமா. ரெண்டுதான் இருக்கு."

அக்கா சிரித்தாள். "கொறஞ்சிருக்காம் அத்தை. வேணாம், விட்டுருவோம்."

அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "வயித்துல பாலை வார்த்தே" என்றார். அப்பா பட்டறையிலிருந்து வெறுங்கையோடு வந்து, என்ன முடிவாயிற்று என்று கேட்காமலே அடுப்பைப் பற்ற வைத்தார். அத்தை பையைப் பிரித்து, மாற்றுத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னார். மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா மறு சோறு வாங்கினாள். அவள் அப்படிச் சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கும்தான்.